டிஜாக்சின் சாப்பிடாதவரின் ரத்தத்தில் டிஜாக்சின்: எடைக்குறைப்பு வேர்க் குப்பியில் இருந்தது என்ன?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

நியூ ஜெர்சியில் கணவர், இரண்டு குழந்தைகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கும் 38 வயதுப் பெண்மணி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அலுவலகத் தோழி ஒருவர் பரிந்துரைத்ததால், மெக்சிகோ நாட்டு டெஹோகோட்டே மரத்தின் வேர் என்று சீட்டு ஒட்டிய எடைக்குறைப்பு மூலிகையை இணையக் கடையில் வாங்கி, நாளுக்கு ஒரு சிறு துண்டு வீதம் ஏறத்தாழ ஒரு மாதம் சாப்பிட்டிருக்கிறார். பசி அடங்கியது, நான்கு கிலோ எடை குறைந்தது. பிறகு குமட்டல் தொடங்கி, ஒரு நாள் காலை வாந்தியும் தலைச்சுற்றலுமாக மயங்கி விழுந்துவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 40-ஐ ஒட்டி இருந்தது. ரத்தப் பரிசோதனை டிஜாக்சின் என்ற இதய மருந்து இருப்பதாகக் காட்டியது. அந்த வீட்டில் டிஜாக்சின் சாப்பிடுபவர் மாமியார் மட்டுமே. இரண்டு நாள் கண்காணிப்புக்குப் பின் வாசகர் நலமாக வீடு திரும்பிவிட்டார் என்றாலும், மாத்திரைப் பெட்டியை யார் மாற்றி வைத்தது என்ற பேச்சு மூன்று வாரமாக வீட்டில் ஓயவில்லை. மீதமுள்ள வேர்த் துண்டுகளை வீட்டிலேயே சோதிக்க முடியுமா, மதுரையில் மருந்தியல் படிக்கும் சித்தி மகன் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துத் தருவதாகச் சொல்கிறானே, அனுப்பலாமா, விற்பனையாளர் அனுப்பிய ஆய்வகச் சான்றிதழை நம்பலாமா, குப்பியைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தருகிறேன் என்கிறாரே, செய்யலாமா, 'அசல்' வேர் கிடைத்தால் மீண்டும் தொடரலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோழி அதே குப்பியை இன்னமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்கிறீர்கள். இதைப் படித்தவுடன் அவரைத் தொலைபேசியில் அழைத்து உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எந்த ஆய்வக முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல், பார்வைக் குழப்பம், நாடி மெதுவாகவோ ஒழுங்கின்றியோ துடிப்பது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் அமெரிக்க நச்சுத் தகவல் மையத்தின் 1-800-222-1222 என்ற இலவச எண்ணை அழைத்துப் பேச வேண்டும். இரவு பகல் எந்நேரமும் அங்கே பதில் சொல்ல ஆள் உண்டு. உங்கள் வீட்டிலிருக்கும் குப்பியையும் குழந்தைகளின் கைக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள். இதை நான் வழக்கமான எச்சரிக்கையாகச் சொல்லவில்லை என்பது கீழே புரியும்.

ரத்தத்தில் இருந்தது டிஜாக்சின்தானா?

மருத்துவமனைகளில் டிஜாக்சின் அளவைப் பார்க்கப் பயன்படும் சோதனை, நோயெதிர்ப்புப் புரதம் ஒன்று அந்த மருந்தின் மூலக்கூறைப் பற்றிக்கொள்வதை அடிப்படையாகக் கொண்டது. டிஜாக்சினின் வடிவத்தை ஒத்த வேறு மூலக்கூறுகளையும் அந்தப் புரதம் ஓரளவு பற்றிக்கொள்ளும். அரளி வகைச் செடிகளில் உள்ள இதய நச்சுகள் அப்படிப்பட்டவை. எனவே டிஜாக்சினே சாப்பிடாத ஒருவருக்கு அந்தச் சோதனை 'உண்டு' என்று காட்டினால், 'இதயத்தைத் தாக்கும் தாவர நச்சு எதையேனும் உட்கொண்டாரா?' என்ற கேள்வியை மருத்துவர் எழுப்பியாக வேண்டும். அந்த அறிக்கையில் உள்ள எண்ணுக்கும் உடலில் இருந்த நஞ்சின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சோதனைக் கருவியைச் செய்த நிறுவனத்தைப் பொறுத்து அந்த எண் மாறும். எண் குறைவாக இருந்தது என்பதால் ஆபத்தும் குறைவாக இருந்தது என்று நீங்கள் முடிவு செய்திருப்பது சரியல்ல.

மாமியாரின் மாத்திரை விஷயத்தை அறவே ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் அதைத் தீர்ப்பது எளிது. மருந்துக்கடை எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை கொடுத்தது என்ற பதிவை வாங்கி, பெட்டியில் மிச்சமிருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அந்தப் பெரியவர் மீதான சந்தேகத்தை அன்றே முடித்துவிடலாம். கடிதத்தில் நீங்கள் விவரித்திருக்கும் நிகழ்வுகளின் வரிசை, அதாவது வாரக்கணக்கில் மெல்லக் குறைந்த பசி, பின்னர் குமட்டல், அதன் பின்னர் மெதுவான நாடி என்பது, ஒரே ஒரு நாள் மாத்திரை மாறிப்போனதைவிடத் தினமும் சிறிது சிறிதாக உள்ளே போன ஒன்றையே எனக்குச் சுட்டிக்காட்டுகிறது. பசியின்மை இவ்வகை நஞ்சின் முதல் அறிகுறிகளில் ஒன்று. மருந்து வேலை செய்கிறது என்று நீங்கள் மகிழ்ந்த அந்த நான்கு கிலோவில் பெரும்பகுதி இப்படித்தான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உங்கள் மாநிலத்தில் ஏற்கெனவே நடந்தது

2022-இல் நியூ ஜெர்சியில், இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்று வீட்டிலிருந்த டெஹோகோட்டே வேர்த் துண்டுகளை விழுங்கிவிட்டு, வாந்தியும் மெதுவான இதயத்துடிப்பும் குறைந்த ரத்த அழுத்தமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. அந்தக் குழந்தையின் ரத்தத்திலும் டிஜாக்சின் சோதனை 'உண்டு' என்றே காட்டியது. டெஹோகோட்டே என்பது ஹாதார்ன் இனத்தைச் சேர்ந்த மெக்சிகோ பழமரம். அதன் பழத்தை அங்கே கிறிஸ்துமஸ் காலத்துப் பானத்தில் போட்டுக் காய்ச்சுகிறார்கள். அதில் இப்படிப்பட்ட நஞ்சுக்கு இடமில்லை என்பதால் ஐயம் கொண்ட வல்லுநர்கள், அதே பெயரில் இணையத்தில் விற்ற 10 பொருட்களை வாங்கிப் பகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 9 டெஹோகோட்டேயே அல்ல, மஞ்சள் அரளி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023 செப்டம்பரில் இதை வெளியிட்டது. அதன் பிறகு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் சோதனைகள் செய்து, 'இந்தியக் கொட்டை' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரில் எடைக்குறைப்புக்காக விற்கப்படும் விதைகள் சிலவும் மஞ்சள் அரளியே என்று எச்சரித்தது.

மஞ்சள் அரளியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் மஞ்சள் அலரி என்பார்கள். கோயில் நந்தவனங்களிலும் சாலை நடுவிலும் பார்த்துப் பழகியதால் நம்மூர்ச் செடி என்றே நினைத்திருப்போம். உண்மையில் அதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய எந்த மருத்துவருக்கும் அதன் நஞ்சு தெரியும். இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் நொதியை அது முடக்குகிறது. இதயத்தின் மின்னோட்டம் தடைபட்டுத் துடிப்பு மெதுவாகிறது அல்லது தாறுமாறாகிறது. டிஜாக்சின் நஞ்சை முறிக்கும் மருந்தே இதற்கும் பலன் தரும் என்று சீரற்ற ஒப்பீட்டு ஆய்வின் வழியே காட்டியவர்கள் இலங்கையில் பணியாற்றிய மருத்துவர்கள். அந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. உங்களுக்காக மருத்துவமனையில் ஆயத்தமாக வைத்திருந்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஊசி மருந்து அதுவாகவே இருக்கும்.

உங்கள் குப்பியில் இருப்பதும் மஞ்சள் அரளிதான் என்று பகுப்பாய்வு இல்லாமல் நான் சொல்ல முடியாது. வலுவாகச் சந்தேகிக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் இதைக் கலப்படம் என்றே எழுதிக்கொண்டு போகிறீர்கள். நல்ல சரக்கில் கொஞ்சம் கெட்ட சரக்கு கலந்திருக்கும், ஆகவே 'சுத்தமான' குப்பி ஒன்று கிடைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இங்கே நடப்பது பெரும்பாலும் ஆள்மாறாட்டம். உள்ளே இருப்பது தூசு, ஈயம், பூச்சிமருந்து எதுவும் இல்லாத, நன்கு உலர்த்தி வெட்டப்பட்ட, நூற்றுக்கு நூறு தூய மஞ்சள் அரளியாக இருக்கக்கூடும். பிரஸ்ஸல்ஸ் நகர எடைக்குறைப்பு மருத்துவமனை ஒன்றில் 1990-களின் தொடக்கத்தில் நேர்ந்ததும் இதுதான். ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகையின் இடத்தில், சீனப் பெயர் ஒத்துப்போனதால், அரிஸ்டலோக்கியா வந்து சேர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இதோடு ஒப்பிட்டால், உங்களைத் தாக்கியது மஞ்சள் அரளி என்றே வைத்துக்கொண்டாலும், நஞ்சு வெளியேறிய பின் இதயம் பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பது ஆறுதல். ஒரு முறை ஈ.சி.ஜி.யும், ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவையும் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டிலோ கல்லூரியிலோ சோதிப்பது

தண்ணீரில் போட்டால் மிதக்கிறதா என்று பார்ப்பது, நுனிநாக்கில் வைத்துக் கசப்பைப் பார்ப்பது ஆகிய இரண்டையும் உறவினர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முதலாவது பயனற்றது, இரண்டாவது ஆபத்தானது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சித்தி மகன் சொல்லும் நிறச் சோதனை வேறு வகை. அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. மருந்தியல் மாணவர்கள் முதலில் கற்பது கெல்லர்-கிலியானி சோதனை. ஃபெரிக் குளோரைடு கலந்த அசெட்டிக் அமிலத்தின் அடியில் அடர் கந்தக அமிலத்தை ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் செம்பழுப்பு வளையம் தோன்றும். ஆனால் அந்த வளையத்தை உண்டாக்குவது டிஜாக்சின் எடுக்கப்படும் டிஜிட்டாலிஸ் போன்ற செடிகளின் நச்சோடு ஒட்டியிருக்கும் 2-டீஆக்ஸி என்ற வகைச் சர்க்கரை. மஞ்சள் அரளியின் முதன்மை நச்சான தெவெட்டினில் இருக்கும் தெவெட்டோஸ் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆகவே தம்பி நல்ல எண்ணத்தோடு சோதித்து, வளையம் தோன்றவில்லை, பயப்படாதே அக்கா என்று சொல்லிவிடக்கூடும். நான் அஞ்சுவது அதைத்தான். கெட்டே (Kedde) வினைபொருள் என்ற இன்னொன்று சர்க்கரையைப் பாராமல் நச்சு மூலக்கூறின் லாக்டோன் என்ற பகுதியோடு வினைபுரிந்து ஊதா நிறம் தரும் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமானது. அதுவும்கூட இதய நச்சு வகை இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். எந்தச் செடி என்று சொல்லாது.

தாவரம் எது என்று உறுதி செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் சேர்ந்து பேச வேண்டும். உங்களிடம் இருப்பது பொடியாக இல்லாமல் வெட்டிய துண்டாக இருப்பதால் நுண்ணோக்கி முதலில் உதவும். அரளிக் குடும்பத்துச் செடிகளின் பால்குழாய்கள் ரோஜாக் குடும்பத்து மரமான டெஹோகோட்டேயின் வேரில் இருக்க வாய்ப்பில்லை. டி.என்.ஏ. குறியீட்டுச் சோதனை செடியின் இனத்தையே சொல்லிவிடும், ஆனால் மூலப்பொருள் கொதிக்கவைக்கப்பட்டிருந்தாலோ சாறாக வடிக்கப்பட்டிருந்தாலோ டி.என்.ஏ. சிதைந்து போயிருக்கும். 2015-இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் இந்தச் சோதனையை மட்டுமே வைத்துச் சில பெரிய கடைகளின் மூலிகைப் பொருட்கள் போலி என்று அறிவித்தபோது, சாறுகளுக்கு இந்த முறை பொருந்தாது என்று தாவர மருந்தியலாளர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தவிர, டி.என்.ஏ. செடியைக் காட்டுமே ஒழிய நஞ்சின் அளவைக் காட்டாது. கடைசி வார்த்தை நிறை நிறமாலைமானியுடன் இணைந்த நீர்ம நிறப்பகுப்புக் கருவிக்கு உரியது. அது தெவெட்டின், நெரிஃபோலின், பெருவோசைடு ஆகிய மஞ்சள் அரளி நச்சுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடை பார்த்துச் சொல்லும். டிஜாக்சினையும் அவற்றையும் குழப்பிக்கொள்ளாது. நியூ ஜெர்சிக் குழந்தையின் வழக்கில் அந்த 9 பொருட்களையும் அடையாளம் காட்டியது இவ்வகைக் கருவிதான்.

ஆகவே மதுரைக்கு அனுப்ப வேண்டாம் என்பதே என் பதில். தம்பியின் திறமையில் எனக்கு ஐயமில்லை. நஞ்சென்று சந்தேகிக்கும் பொருளைப் பன்னாட்டு அஞ்சலில் அனுப்புவது தவறு. பல கை மாறிப் போன மாதிரியை நாளை எந்த அதிகாரியும் சான்றாக ஏற்கமாட்டார்.

சான்றிதழில் எல்லாமே 'தேர்ச்சி'

நீங்கள் இணைத்திருக்கும் சான்றிதழைப் பொறுமையாகப் படித்தேன். ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம், பூஞ்சை, கிருமிகள் ஆகிய அனைத்துக்கும் நேராக எல்லைக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறது. அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 'இது என்ன செடி?' என்ற கேள்வியை மட்டும் அந்த ஆய்வகத்தை யாரும் கேட்கவில்லை. ஆய்வகம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவுத்துணைப் பொருட்களுக்கு விற்பனைக்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை. பாதுகாப்புக்கான பொறுப்பு தயாரிப்பாளருடையது. 2007-இல் வந்த உற்பத்தி நெறிமுறைகள், பயன்படுத்தும் ஒவ்வொரு மூலப்பொருளும் சீட்டில் சொல்லும் பொருள்தானா என்று அடையாளச் சோதனை செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எனவே விற்பனையாளரிடம் எதையேனும் கேட்பதானால் அந்த அடையாளச் சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். எந்த முறையில் செய்தது, எந்த மாதிரியோடு ஒப்பிட்டது, எந்தத் தொகுப்பு எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வராது என்றே நினைக்கிறேன்.

நான்காயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்களே என்றும் கேட்டிருக்கிறீர்கள். எடை குறைந்தவர்கள் கொடுத்தது அது. நீங்களும் மயங்கி விழுவதற்கு முந்தைய வாரம் வரை ஐந்தே கொடுத்திருப்பீர்கள்.

குப்பியைத் திருப்பிக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். உங்களிடம் உள்ள ஒரே சான்று அது. குப்பி, சீட்டு, தொகுப்பு எண், உறை, வாங்கிய ரசீது, விற்பனையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்து அனைத்தையும் புகைப்படம் எடுத்து, குப்பியை ஒரு மூடிய பையில் போட்டு, உங்களைத் தவிர யாரும் திறக்காதபடி வையுங்கள். பணத்தைத் திரும்பப் பெற உங்கள் கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிடலாம்; அதற்குப் பொருளைத் திருப்பித் தரத்தான் வேண்டும் என்பதில்லை. பிறகு இவற்றைச் செய்யலாம்:

- உணவு மருந்து நிர்வாகத்தின் பாதுகாப்புப் புகார்த் தளத்தில் நீங்களே பதிவு செய்யுங்கள். உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரையும் தனியாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்புகளோடு வரும் புகாருக்கு எடை அதிகம். குப்பி உங்களிடம் இருக்கிறது, கொடுக்கத் தயார் என்று அதில் எழுதுங்கள்.

- மேலே சொன்ன எண்ணை உங்களுக்காகவும் அழையுங்கள். நியூ ஜெர்சியின் நச்சுத் தகவல் மையம் இதே பொருளின் வழக்கை ஏற்கெனவே கையாண்டது என்பதால் எந்த ஆய்வகத்துக்கு எப்படி அனுப்புவது என்பதை அவர்களிடம் கேட்பதே சரியான தொடக்கம். உங்கள் ரத்த மாதிரியில் மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். பொதுவாகச் சில நாட்களில் அப்புறப்படுத்திவிடுவார்கள், ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை.

- விற்பனையாளருக்கு உங்கள் உடலுக்கு நேர்ந்ததை எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவமனையில் தங்க நேர்ந்த அளவுக்குக் கடுமையான பாதிப்பு பற்றிய புகார் கிடைத்தால், சீட்டில் பெயருள்ள தயாரிப்பாளரோ விநியோகிப்பவரோ 15 வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

இழப்பீட்டு வழக்கு உங்கள் விருப்பம். நியூ ஜெர்சியில் உடல் பாதிப்புக்கான வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்பதால், எண்ணம் இருந்தால் வழக்கறிஞரை விரைவில் பாருங்கள். விற்பனையாளர் வெறும் பெயராக மட்டுமே இருந்து காணாமல் போவதும் இத்துறையில் நடப்பதுண்டு. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு செலவைத் தீர்மானியுங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு, ஒரு குப்பிதானே என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 1997-இல் அமெரிக்காவில் உடலைச் சுத்தம் செய்யும் மூலிகை என்று விற்கப்பட்ட பொருளைச் சாப்பிட்ட ஓர் இளம்பெண்ணுக்கு உங்களைப் போலவே இதயத்துடிப்பு பாதிக்கப்பட்டு, டிஜாக்சின் சாப்பிடாமலே சோதனையில் டிஜாக்சின் தெரிந்தது. அவர் சாப்பிட்டது எது என்று தேடிக்கொண்டே போனபோது, நம் இசப்கோலுக்கு உறவான பிளாண்டெய்ன் இலையில் டிஜிட்டாலிஸ் இலை கலந்து, இரண்டு ஆண்டுகளில் 150-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விநியோகிப்பவர்களுக்கும் கடைகளுக்கும் போயிருந்தது தெரியவந்தது. அந்தத் தேடல் ஒரு நோயாளியின் குப்பியிலிருந்துதான் தொடங்கியது.

அசல் வேர் கிடைத்தால்?

வேண்டாம். டெஹோகோட்டே வேர் எடையைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க மருத்துவச் சான்று இல்லை. ஒரு நாளைக்கு நகத்தளவுத் துண்டு, அதற்கு மேல் கூடவே கூடாது என்று சீட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடே உங்களுக்கு நம்பிக்கை தந்தது என்கிறீர்கள். எனக்கு அது எதிர்மாறாகப் படுகிறது. உண்ணத்தக்க பழமரம் ஒன்றின் வேருக்கு நகத்தளவு என்ற எல்லை எதற்கு? எடை குறித்து உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள். இன்று அதற்கு முறையான மருந்துகள் இருக்கின்றன, அவற்றின் பக்கவிளைவுகளும் தெரிந்தவை. இதயத்துடிப்பு முற்றிலும் சீரானது என்று ஈ.சி.ஜி. உறுதி செய்யும் வரை அந்த மருந்துகளையும் தள்ளிப்போடுங்கள்.

ஊரிலிருந்து உங்கள் அம்மா அனுப்பும் ஆவாரம்பூ, நெல்லிக்காய்ப் பொடிகளையும் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவே பறித்து உலர்த்தி அரைத்தவற்றை இந்தக் குப்பிக்குச் சமமாக எண்ண வேண்டாம். ஆனால் கடையில் வாங்கி அனுப்புவதானால், இனி அரைத்த பொடியாக வாங்காமல் முழுப் பூவாகவும் முழு வற்றலாகவும் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். முழுப்பொருளில் வேற்றுப் பொருள் இருந்தால் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். பொடியான பிறகு நான் மேலே சொன்ன கருவிகள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதய மாத்திரை சாப்பிடும் உங்கள் மாமியாருக்கு மட்டும், எந்த மூலிகையானாலும், அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.